எட்டயபுரம் அரண்மனையும் அது வளர்த்த ஊரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளியூர் நண்பர்கள் யாராவது தெற்கே வந்தால் அவர்களை எட்டயபுரத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டுவது எப்படியோ என் வேலையாகிவிட்டது. சம்பளமில்லாத வேலைதான், ஆனாலும் பிடித்த வேலை. பாரதி பிறந்த வீட்டைப் பார்க்க வருகிறவர்கள், அரை நாள் சுற்றியதும் வேறு மாதிரிக் கேள்விகளைக் கேட்க ஆரம்பிப்பார்கள். இவ்வளவு சின்ன ஊரில் இத்தனை பேர் எப்படி என்பதுதான் எல்லாக் கேள்விக்கும் அடியில் இருக்கும். திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

எட்டயபுரம் எங்கே இருக்கிறது?

தூத்துக்குடி மாவட்டத்தில், கோவில்பட்டிக்குக் கிழக்கே. பஸ்ஸில் அரை மணி நேரம். சுற்றிலும் கரிசல் காடு. ஆறு கிடையாது, அணை கிடையாது. மழை பெய்தால் பருத்தியும் கம்பும் சோளமும் பயறும் விளையும், பெய்யாவிட்டால் கருவேல முள்தான். தஞ்சாவூர் மாதிரி ஆற்றுப்பாசனத்தில் கொழித்த ஊர் இல்லை என்பதை முதலிலேயே மனசில் வாங்கிக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அதை வைத்துத்தான் புரியும். பழைய பெயர் இளசை. புலவர்கள் பாட்டில் இளசை என்றுதான் வரும்.

எட்டப்பன் என்பது ஒரு ஆளுடைய பெயரா?

இல்லை, பட்டப்பெயர். எட்டயபுரத்தை ஆண்ட வம்சத்தில் பட்டத்துக்கு வந்த எல்லோருமே எட்டப்பர்தான். ஜகவீரராம, வெங்கடேசுவர என்று முன்னால் நீளமாக ஏதாவது வரும், கடைசியில் எட்டப்ப என்று முடியும். வந்த கதையாகச் சொல்வது இது: தெலுங்கு நாட்டிலிருந்து வந்த இந்த நாயக்கர் குடும்பத்தின் முன்னோர் ஒருவர் சண்டையில் ஒரு வீரனைக் கொன்றுவிட்டார். இறந்தவனுக்கு எட்டுத் தம்பிமார். திக்கற்று நின்ற அந்த எட்டுப் பேரையும் தன் பிள்ளைகளாக வளர்த்தாராம். எட்டுப் பேருக்கு அப்பன், எட்டப்பன். கதைதான். ஆனால் குடும்பம் தன்னைப் பற்றி எதைச் சொல்லிக்கொள்ள ஆசைப்பட்டது என்பது இதில் தெரிகிறது. கொன்றதை விட வளர்த்ததைத்தான் பெயராக வைத்துக்கொண்டார்கள்.

அப்படியானால் “எட்டப்பன் வேலை” என்று சொல்கிறோமே, கட்டபொம்மனைக் காட்டிக்கொடுத்தது இவர்கள்தானே?

இந்தக் கேள்வி இல்லாமல் ஒரு பயணமும் முடிந்ததில்லை. ஊர்க்காரர்கள் முன்னால் மட்டும் கேட்காதீர்கள், முகம் மாறிவிடும்.

கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சிக்கும் எட்டயபுரத்துக்கும் பல தலைமுறையாக எல்லைத் தகராறு உண்டு. 1799-இல் கும்பினிப் படை (கிழக்கிந்தியக் கம்பெனிப் படை) பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கியபோது எட்டயபுரம் கும்பினி பக்கம் நின்றது. கோட்டையை விட்டு வெளியேறிய கட்டபொம்மனை எட்டயபுரத்து ஆட்கள் துரத்தியதும், கோலார்பட்டியில் சண்டை நடந்ததும் உண்மை. ஆனால் அவரைப் பிடித்து ஒப்படைத்தது புதுக்கோட்டைத் தொண்டைமான். 1799 அக்டோபர் 16-ஆம் தேதி கயத்தாறில் தூக்கிலிட்டார்கள். கும்பினிக்கு உதவினார்களா என்றால் உதவினார்கள். பிடித்துக் கொடுத்தார்களா என்றால் இல்லை. பெயர் மட்டும் இவர்கள் தலையில் நிரந்தரமாக ஏறிவிட்டது, சினிமா அதை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அதற்கு நாற்பது வருஷம் முன்னால் கும்பினித் தளபதி யூசுப்கானின் படையிடம் உயிர்விட்ட கட்டாலங்குளம் அழகுமுத்துக்கோன் எட்டயபுரத்துக்காகப் போரிட்டவர் என்பதை ஊரில் ஞாபகமாகச் சொல்வார்கள்.

சண்டை போட்டுக்கொண்டிருந்த பாளையம் எப்படிச் சங்கீத சமஸ்தானம் ஆனது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. நேர் பதில்: சண்டை போட முடியாமல் போனதால்.

1801-இல் இரண்டாவது பாஞ்சாலங்குறிச்சிப் போர் முடிந்ததும் கும்பினி சர்க்கார் பாளையக்காரர்களின் கோட்டைகளை இடித்தது, ஆயுதம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று அறிவித்தது. 1803-இல் நிலையான வரித்திட்டம் வந்தது. ஆண்டுக்கு இவ்வளவு பேஷ்குஷ், அதாவது கப்பம் கட்டு, மீதி உனக்கு. பாளையக்காரர் ஜமீன்தார் ஆனார். அது வரைக்கும் ஒரு பாளையத்தின் கௌரவம் எத்தனை ஆள், எத்தனை வேல் என்பதில் இருந்தது. இனி அந்தக் கணக்குக்கு வேலை இல்லை. பணம் இருக்கிறது, பொழுது இருக்கிறது, பக்கத்து ஜமீனை விட நாம் பெரியவர் என்று காட்டும் ஆசையும் போகவில்லை. அந்த ஆசை போய் நின்ற இடம் வித்துவான்கள்.

எட்டயபுரம் மட்டும் இப்படிச் செய்யவில்லை. ஊற்றுமலை ஜமீனில்தான் அண்ணாமலை ரெட்டியார் காவடிச்சிந்து பாடினார். சேற்றூர், இராமநாதபுரம், சிவகங்கை என்று ஒவ்வொரு அரண்மனையிலும் ஆஸ்தானப் புலவர் உண்டு. எட்டயபுரத்தின் தனித்தன்மை வேறு. மற்ற இடங்களில் வித்துவான் வருவார், பாடுவார், சால்வையும் பொன்முடிப்பும் வாங்கிக்கொண்டு அடுத்த அரண்மனைக்குப் போவார். எட்டயபுரம் ஆளைப் பிடித்துக் குடிவைத்தது. வீடு, மாதப்படி, பெண் பார்த்துக் கல்யாணம், பிள்ளைக்கும் அதே வேலை. ஊரை மாற்றியது பொன்முடிப்பு இல்லை என்பது என் கட்சி. வெளியூர் வித்துவானை உள்ளூர்க்காரர் ஆக்கிய அந்த ஏற்பாடுதான்.

அதற்கு முன் புலவர்களே கிடையாதா?

உண்டு. 17-ஆம் நூற்றாண்டிலேயே கடிகை முத்துப் புலவர் இங்கே அரசவைப் புலவர். ‘சமுத்திர விலாசம்’ இவர் பாடியது. அவருடைய மாணவர்தான் சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர். உமறுவின் தகப்பனார் நறுமணப் பொருள் வியாபாரி. வடக்கே இருந்து வந்த ஒரு வித்துவான் சபையில் சவால் விட்டாராம். குரு போகவேண்டிய இடத்துக்குச் சின்னப் பையன் உமறு போய் ஜெயித்தாராம். குருவுக்குப் பிறகு ஆஸ்தானப் புலவர் பதவி அவருக்கே வந்தது.

இதில் ஒரு விஷயத்தை நின்று கவனிக்க வேண்டும். வைணவமும் முருக பக்தியும் கொண்ட ஒரு நாயக்கர் அரண்மனையில், இந்து குருவிடம் தமிழ் கற்ற முஸ்லிம் கவிஞர் அரசவைப் புலவர். ஆனால் அவர் நபிகள் நாயகத்தின் வரலாற்றைக் காப்பியமாகப் பாடியபோது புரவலர்கள் வேறு: கீழக்கரை சீதக்காதி, அவருக்குப் பின் அபுல்காசிம் மரைக்காயர். 5,000-க்கும் மேற்பட்ட பாட்டு. அரண்மனை ஆளை உருவாக்கியது, கடற்கரை வியாபாரிகள் நூலை உருவாக்கினார்கள் என்று சொல்லலாம். உமறுப்புலவரின் அடக்கத்தலம் எட்டயபுரத்தில் இருக்கிறது, அரசு எழுப்பிய மணிமண்டபமும் உண்டு.

கர்நாடக சங்கீத மேதை முத்துசுவாமி தீட்சிதர் திருவாரூர்க்காரர் ஆயிற்றே, அவர் சமாதி இங்கே எப்படி வந்தது?

தம்பியால். தம்பி பாலுசுவாமி தீட்சிதர். சென்னைக்குப் பக்கத்து மணலியில் குடும்பம் இருந்த காலத்தில் வெள்ளைக்காரர் பேண்டு வாத்தியத்தில் வயலினைக் கேட்டு, ஒரு ஐரோப்பியரிடம் அதைக் கற்றுக்கொண்டவர் இவர். மண்ணில் உட்கார்ந்து, தோளில் வைக்கும் வாத்தியத்தை மார்பில் சாய்த்துக் கர்நாடக ராகம் வாசிக்கலாம் என்று காட்டிய முதல் சிலரில் ஒருவர். அவரை எட்டயபுரம் பிடித்துக்கொண்டது. 1824 வாக்கில் ஆஸ்தான வித்துவான் ஆனார்.

தம்பியைத் தேடிக்கொண்டு அண்ணன் வந்தார். மதுரையில் விசாரித்தபோது, எட்டயபுரத்தில் ராஜமரியாதையோடு இருக்கிறார், கல்யாணமும் ஆகப்போகிறது என்று சொன்னார்களாம். அப்படி வந்தவர் இங்கேயே கண்ணை மூடினார். 1835-ஆம் ஆண்டு தீபாவளி நாள். சீடர்கள் ‘மீனாக்ஷி மே முதம் தேஹி’ பாடிக்கொண்டிருந்தபோது, பாசத்திலிருந்து விடுவிக்கும் மீன்விழியாள் என்று வரும் அடியில் உயிர் பிரிந்தது என்பது சம்பிரதாயமாகச் சொல்வது. இன்றைக்கும் தீபாவளியன்று சமாதியில் வந்து பாடுகிறவர்கள் உண்டு. ஊரெல்லாம் வெடிச் சத்தம், அங்கே மட்டும் தம்புரா.

தீட்சிதர் அமிர்தவர்ஷிணி ராகம் பாடி மழை பெய்ய வைத்தது உண்மையா?

கரிசல் காட்டில் மழையைப் பற்றிக் கதை பிறக்காமல் எப்படி இருக்கும்? எட்டயபுரத்துக்கு வரும் வழியில் காய்ந்து வெடித்துக் கிடந்த பூமியைப் பார்த்து ‘ஆனந்தாம்ருதாகர்ஷிணி’ பாடினார், மழை கொட்டியது, பிறகு நிற்கச் சொல்லியும் பாடினார் என்பார்கள். கிருதியில் மழை வேண்டும் வரி இருக்கிறது. மற்றதை அவரவர் நம்பிக்கைக்கு விட்டுவிடுகிறேன். ஆனால் சித்திரை மாத மத்தியானம் அந்த ரோட்டில் ஒரு தடவை நடந்து பாருங்கள், அந்தப் பாட்டு ஏன் வந்தது என்று யாரும் சொல்ல வேண்டியிருக்காது.

அரண்மனை செய்த பெரிய காரியம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் எதைச் சொல்வீர்கள்?

ஒரு புத்தகம். ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’, 1904.

கதை கொஞ்சம் நீளம். பாலுசுவாமிக்கு ஆண் வாரிசு இல்லை. மகள் வயிற்றுப் பேரனைத் தத்தெடுத்தார். அந்தப் பேரன்தான் சுப்பராம தீட்சிதர், 1839-இல் பிறந்தவர். ஏறத்தாழ 19 வயதில் தாத்தாவின் இடத்துக்கு வந்து ஆஸ்தான வித்துவான் ஆனார். முத்துசுவாமி தீட்சிதரின் உருப்படிகள், வேங்கடமகி வழியில் வந்த 72 மேளங்களின் (தாய் ராகங்களின்) லட்சணம், பழைய கீதங்கள், தானங்கள், வர்ணங்கள் எல்லாம் அந்த வீட்டில் ஓலையிலும் தலையிலும் இருந்தன. மற்றவர்களுக்குத் தரமாட்டார்கள். அந்தக் காலத்து வித்தை வீடுகளின் வழக்கம் அது.

சென்னையில் ஏ. எம். சின்னசாமி முதலியார் என்று ஒருவர். கிறிஸ்தவர், சர்க்கார் உத்தியோகம். நம்முடைய கீர்த்தனைகளை மேல்நாட்டு இசைக்குறிப்பில் எழுதி அச்சுப்போடச் சொத்தைக் கரைத்தவர். கண் பார்வை மங்கிக்கொண்டே வந்த நிலையில் 1899-இல் எட்டயபுரத்துப் பட்டாபிஷேகத்துக்கு வந்து, ராஜாவிடம் ஒரே ஒரு விண்ணப்பம் வைத்தார்: சுப்பராம தீட்சிதரிடம் இருப்பதெல்லாம் அச்சில் வரவேண்டும். தனக்கென்று எதுவும் கேட்கவில்லை. ராஜா உத்தரவு போட்டார். வீட்டுப் பொக்கிஷத்தைத் திறக்கத் தயங்கிய வயதானவர், மூன்று தலைமுறை உப்பைத் தின்ற இடத்தில் முடியாது என்று எப்படிச் சொல்வார்?

அச்சானதும் எட்டயபுரத்திலேயே, வித்யா விலாசினி அச்சுக்கூடத்தில். இரண்டு தொகுதி, 1,700 பக்கத்துக்கு மேல். மொழி தெலுங்கு, எழுத்தும் தெலுங்கு. அன்றைக்குச் சங்கீதக்காரர்களின் பொது எழுத்து அது. ஒரு பக்கத்தைத் திறந்தால் தெலுங்கு ஸ்வர எழுத்துகளின் தலையில் சின்னச் சின்னக் குறிகள் நிற்கும்: ஒன்று நெளிந்த கோடு, ஒன்று கொக்கி, ஒன்று சாய்ந்த கோடு. எந்த ஸ்வரத்தை அசைக்க வேண்டும், எதில் வழுக்கி இறங்க வேண்டும், எதைத் தட்டிவிட வேண்டும் என்று ஒவ்வொரு கமகத்துக்கும் ஒரு குறி. சாதாரண அச்சாபீசில் இருக்கிற எழுத்தை வைத்து இதைக் கோக்க முடியாது. கரிசல் காட்டு ஊரில் ஒரு கம்பாசிட்டர், மங்கலான வெளிச்சத்தில், இடுக்கியால் அந்தக் கொக்கிகளைப் பொறுக்கி வைத்திருப்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம் தீரவில்லை. அச்சகத்தில் வேலை பார்த்த ஒருவரிடம் நகல் பக்கம் ஒன்றைக் காட்டினேன். அவர் பாட்டைக் கேட்கவில்லை, “இதுக்குப் புரூப் யார் பாத்தா?” என்றுதான் கேட்டார்.

தீட்சிதரின் 200-க்கும் மேற்பட்ட கிருதிகள் இன்றைக்கு நம் கையில் ஸ்வரப்படுத்திய வடிவில் இருக்கின்றன என்றால் இந்தப் புத்தகத்தால். பின்னாளில் சென்னை மியூசிக் அகாடமி இதைத் தமிழ் எழுத்தில் பல பாகங்களாகக் கொண்டுவந்தது. சுப்பராம தீட்சிதர் 1906-இல் காலமானார். அவர் மகன் அம்பி தீட்சிதர் சென்னைக்குப் போனார். நீதிபதியாக இருந்த டி. எல். வெங்கடராம ஐயருக்கும் டி. கே. பட்டம்மாளுக்கும் அவர் வழியாகத்தான் அந்தப் பாடாந்தரம், அதாவது பாடும் வழி, போய்ச் சேர்ந்தது.

இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது?

சம்சாரியிடமிருந்து, அதாவது குடியானவனிடமிருந்து. வேறு எங்கிருந்து வரும்? ஜமீன் கிராமங்களின் தீர்வை, பருத்தி, சந்தை வரி. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும்: 1801-க்குப் பிறகு பாஞ்சாலங்குறிச்சியின் நிலங்களைக் கும்பினி பங்கு போட்டபோது எட்டயபுரத்துக்கும் ஒரு பங்கு வந்தது. கட்டபொம்மன் ஆண்ட மண்ணின் தீர்வையும் சேர்ந்துதான் தீட்சிதர் வீட்டில் அடுப்பெரிந்தது. கேட்பதற்குக் கசப்பாக இருக்கும். கிருதியின் அழகு அதனால் குறையப்போவதில்லை. ஆனால் மழை தப்பிய வருஷம் தீர்வை கட்டிய குடியானவன் பெயர் எந்த முகவுரையிலும் இல்லை என்பதும் ஞாபகத்தில் இருக்கட்டும்.

கோயில்களுக்கு என்ன செய்தார்கள்?

கழுகுமலை முருகன்தான் குடும்பத்தின் இஷ்ட தெய்வம். கழுகாசலமூர்த்தி கோயில் நிர்வாகம் ஜமீன் கையில் இருந்தது. தேர், திருவிழா, மண்டகப்படி எல்லாம் அரண்மனைக் கணக்கு. மலை மேல் இருக்கும் வெட்டுவான் கோயிலைச் சிலர் இவர்கள் கட்டியது என்று சொல்லிவிடுகிறார்கள். அது பாண்டியர் காலத்து வேலை, ஆயிரம் வருஷத்துக்கு முந்தியது.

கோயிலைப் பராமரிக்கிறவர் கையில் தேர்வீதியும் இருக்கும். யார் அந்த வீதியில் ஊர்வலம் போகலாம், யார் போகக் கூடாது என்பதைத் தீர்மானிப்பதும் அவர்தான். கழுகுமலை நாடார்களுக்கும் ஜமீனுக்கும் இதில் பல வருஷ வழக்கு நடந்தது. அவர்களில் ஒரு பகுதியினர் கத்தோலிக்கர்கள் ஆனார்கள், அந்த வீதியிலேயே ஒரு வீட்டை ஜெபக்கூடமாகவும் அமைத்துக்கொண்டார்கள். 1895 பங்குனித் தேரின்போது அது கலவரமாக வெடித்தது. உயிர்கள் போயின, ஜமீன் மானேஜரும் கொல்லப்பட்டார். எட்டயபுரத்துக் கலை வளர்ச்சியைப் பேசுகிறவர்கள் பலரும் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடுவார்கள். ஒரே கைதான் வித்துவானுக்கு வீடு கொடுத்தது, வீதியையும் மறித்தது.

பாரதிக்கு அரண்மனை என்ன செய்தது?

கொடுத்ததும் உண்டு, கைவிட்டதும் உண்டு.

அப்பா சின்னசாமி ஐயர் அரண்மனைக்கு வேண்டியவர். கணக்கிலும் இயந்திரங்களிலும் கெட்டிக்காரர். அதனால் சுப்பையா என்ற பையன் சின்ன வயதிலேயே சபைக்குள் சகஜமாகப் போய்வந்தான். 1893-இல், 11 வயதில், அங்கே கூடிய புலவர்கள் முன்னால் பாடிப் ‘பாரதி’ பட்டம் வாங்கினான். இதே பட்டத்தை அதே ஊரில் வாங்கிய இன்னொருவர் நாவலர் சோமசுந்தர பாரதி. மூன்று வயது மூத்தவர், பாரதிக்குத் தோழர், பின்னாளில் இந்தி எதிர்ப்பில் முன்னால் நின்றவர். ஒரே தெருப் புழுதியில் விளையாடிய இரண்டு பையன்களுக்கும் தமிழ்ப் பைத்தியம் பிடித்தது சும்மா நடந்ததில்லை. வந்து போகிற புலவர்கள் பேசுவதைக் கேட்கக் கேட்க வந்தது. அரண்மனை கொடுத்த பெரிய சொத்து அந்தக் காதுதான் என்பேன்.

சின்னசாமி ஐயர் ஊரில் பருத்தி ஆலை ஒன்று வைத்தார். வெள்ளைக்காரர் வியாபாரத்தோடு மல்லுக்கட்ட முடியாமல் அது நொடித்தது. பாரதியே தன் சுயசரிதைப் பாட்டில், அந்நியர் சதியில் தந்தை செல்வம் முழுதும் இழந்தார் என்று எழுதுகிறார். 1898-இல் அப்பா இறந்தார். அதற்கு முந்தின வருஷமே, 14 வயதில், படிப்புக்கு உதவி கேட்டு ராஜாவுக்குப் பாட்டாகவே ஒரு விண்ணப்பம் எழுதியிருந்தார் பையன்.

காசிக்குப் போய்ச் சில வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியதும் அரண்மனையில் வேலை கிடைத்தது. பத்திரிகை படித்துச் சொல்வது, பேச்சுத்துணை. முண்டாசும் மீசையும் ஷெல்லிப் பைத்தியமுமாக வந்தவருக்கு அது எத்தனை நாள் ஒத்துவரும்? 1904-இல் விட்டுவிட்டு மதுரைக்குப் போய், சேதுபதி பள்ளியில் சில மாதம் தமிழ் வாத்தியாராக இருந்தார். அங்கிருந்து சென்னைக்கு, ‘சுதேசமித்திரன்’ ஆசிரியர் குழுவுக்கு.

1904 என்ற வருஷத்தைக் கவனித்தீர்களா? அரண்மனையின் மிகப் பெரிய புத்தகம் அச்சிலிருந்து வெளிவந்த வருஷமும் அதுதான், அரண்மனையின் மிகப் பெரிய கவிஞன் வெளியேறிய வருஷமும் அதுதான். இருந்த வித்தையைக் காப்பாற்ற அந்த ஏற்பாட்டுக்குத் தெரியும். புதிதாக ஒன்று முளைத்தால் என்ன செய்வதென்று தெரியாது.

பாரதிக்கு அரண்மனை மேல் கோபமா?

கிண்டல் என்று சொல்லலாம். ‘சின்னச் சங்கரன் கதை’யில் கவுண்டனூர் ஜமீன் என்று பெயரை மாற்றி, வெட்டிப்பொழுது போக்கும் ஜமீன்தாரையும் சுற்றிலும் ஆமாம் போடும் புலவர் கூட்டத்தையும் கிழித்திருப்பார். எந்த ஊரை வைத்து எழுதியது என்று இந்தப் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சங்கீதத்தையும் விடவில்லை. எந்தக் கச்சேரிக்குப் போனாலும் ‘வாதாபி கணபதிம்’ தொடங்கிப் பாடினதையே பாடுகிறார்கள் என்று சலித்துக்கொள்கிறார். அது யார் கிருதி? தன் ஊரில் சமாதியான தீட்சிதருடையதேதான்! ஆனால் சுப்பராம தீட்சிதர் இறந்தபோது உருகி இரங்கற்பா எழுதியவரும் இவரே. கோபம் மனிதர்கள் மேல் இல்லை, தேங்கிப்போன வழக்கத்தின் மேல்.

பிறகு 1919. புதுச்சேரியிலிருந்து வெளியே வந்து, கைதாகி, விடுதலையாகி, மனைவி ஊரான கடையத்தில் கையில் காசில்லாமல் இருக்கிறார். எட்டயபுரம் ராஜாவுக்குச் சீட்டுக்கவி, அதாவது பாட்டாகவே ஒரு கடிதம் எழுதுகிறார். ராஜமகாராஜேந்திர என்று பழைய பாணியில் ஆரம்பம். நடுவில், தமிழ்நாட்டுக்குக் கவியரசர் இல்லையென்ற வசை என்னால் கழிந்தது என்கிறார். சொல் புதிது, பொருள் புதிது என்கிறார். என் பாட்டைக் கேட்டு ஜயப்பறை கொட்டி, சால்வையும் பொற்பையும் பல்லக்கும் கொடு என்று முடிக்கிறார். உதவி கேட்கிற கடிதம் மாதிரியா இருக்கிறது? பாக்கி வசூலிக்கிற கடிதம் மாதிரி இருக்கிறது. அந்த வருஷமே, ஜமீன் வரலாறான ‘வம்சமணி தீபிகை’யை நல்ல வசனத்தில் திருத்தி எழுதித் தருகிறேன் என்றும் கேட்டுப் பார்த்தார். சர்க்காரின் கண் உறுத்துகிற ஆளுக்குப் பல்லக்கு அனுப்ப எந்த ஜமீனுக்குத் துணிவு வரும்? ஒன்றும் நடக்கவில்லை.

ஜமீன் போன பிறகு ஊர் என்ன ஆனது?

1948-இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. ஆனால் புரவலர் மாறியது அதற்குக் கொஞ்சம் முன்பே. பாரதிக்கு மணிமண்டபம் கட்ட எழுத்தாளர் கல்கி தன் பத்திரிகை மூலம் நிதி திரட்டினார். 1945-இல் ராஜாஜி அடிக்கல் நாட்டினார், 1947 அக்டோபரில் திறந்தும் வைத்தார். தமிழ்நாட்டு வாசகர்கள் அனுப்பிய காசில் எழும்பிய கட்டடம் அது. ஒரு ராஜா கொடுக்காத பல்லக்கை ஆயிரக்கணக்கான பேர் சேர்ந்து தூக்கினார்கள், ஆள் போய் 26 வருஷத்துக்குப் பிறகு.

அரண்மனை இன்னும் நிற்கிறது, பழைய களை இல்லை. ஆஸ்தானத்தை நம்பி வந்த குடும்பங்கள் சென்னை, மதுரை என்று பிரிந்துவிட்டன. கைத்தறி கொஞ்சம் ஓடுகிறது. இன்றைக்கு இந்தப் பக்கத்தில் எட்டயபுரம் என்றால் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது சனிக்கிழமை ஆட்டுச்சந்தை. தீபாவளி, ரம்ஜான், பக்ரீத் நெருங்கினால் விடியற்காலையிலேயே லாரி லாரியாக வந்து இறங்கும்.

ஒரு நாள் போனால் எதையெல்லாம் பார்க்கலாம்?

காலையிலேயே வந்துவிடுங்கள். பத்து மணிக்கு மேல் வெயில் தாங்காது. முதலில் பாரதி பிறந்த வீடு, பிறகு மணிமண்டபம், நடந்தே போகலாம். அரண்மனையை வெளியிலிருந்து பார்க்கலாம், உள்ளே விடுவது அன்றைக்கு இருப்பவர்களைப் பொறுத்தது. உமறுப்புலவர் அடக்கத்தலத்துக்கும் தீட்சிதர் சமாதிக்கும் வழி கேட்டால் டீக்கடையில் யாரும் சொல்வார்கள். தீட்சிதர் சமாதியில் பெரும்பாலும் நீங்கள் மட்டும்தான் இருப்பீர்கள். பாடத் தெரிந்த ஆள் கூட இருந்தால், ‘மீனாக்ஷி மே முதம்’ பாட்டின் ராகமான பூர்விகல்யாணியில் நாலு வரி பாடச் சொல்லுங்கள்.

மத்தியானத்துக்குள் கோவில்பட்டி திரும்பிச் சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் கழுகுமலை ஏறலாம். சனிக்கிழமை மட்டும் வேண்டாம். ரோடு முழுக்க ஆடு.